முதுகில் இரண்டு சிலிண்டர்

முதுகில் இரண்டு காற்று சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவர், ஒன்றைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார் என்று நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். இதை நம்புவதற்கு எனக்கு இருபது வருடக் குடும்பப் பயிற்சி இருந்தது. ஹைதராபாதில் குகட்பள்ளி வீட்டுக்குக் குடிவந்தபோது, கட்டில் வருவதற்கு முன்னாலேயே சமையல் எரிவாயுவின் இரண்டாவது சிலிண்டர் வந்துவிட்டது. ஒன்று அடுப்போடு சேர்ந்து உழைக்கும். மற்றது மூலையில் சீல் உடையாமல், சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். தோசை பாதி வெந்திருக்கும்போது தீ அணைந்தால் நான் எழுந்து போய் மாற்றிவிட்டு வருவேன். வீட்டில் என்னை நம்பி ஒப்படைத்த ஒரே பொறுப்பு அது. அதனால் கடலுக்கு அடியிலும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடலில் முங்கும் பைத்தியம் முதலில் பிடித்தது என் மனைவிக்கு. நான் வேலை பார்ப்பது பாதுகாப்புத் துறை சார்ந்த ஒரு மத்திய அரசு நிறுவனத்தில். எல்டிசி என்கிற விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமான் போனோம். அவள் தண்ணீருக்குள் போனாள், பிறந்ததிலிருந்தே அங்கே குடியிருந்தவள் போல நீந்தினாள். நானும் போனேன். முகக்கண்ணாடிக்குள் ஒரு கரண்டித் தண்ணீர் புகுந்தது. என் கதை முடிந்தது என்று தீர்மானித்து, யாரையும் கேட்காமல் மேலே கிளம்பினேன். சட்டென்று மேலே போனால் நுரையீரல் கெட்டுப்போகும் என்பதால், அவள் என் காலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்து வேகத்தைக் குறைத்தாள். கரையில் எல்லோரிடமும் சுறாவைப் பார்த்ததாகச் சொன்னேன். அது பச்சை நிறத்தில், என் உள்ளங்கை அளவில் இருந்தது என்பதை அவள் சேர்த்துச் சொன்னாள்.

அதே கடலில் ஆழத்தில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அங்கே அதிக நேரம் இருக்க ஒரு சிலிண்டர் போதாது, இரட்டை வேண்டும். இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும் என்பது வேறு சட்டம். அவள் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே, எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள்.

"இன்னொருக்கா நீங்க மேல ஓடுனீங்கன்னா, நான் வேற சோடி பார்த்துக்குவேனுங்க."

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து ஒரு மனிதன் காதில் விழக்கூடிய வாக்கியமா இது? அன்றே முடிவு செய்தேன். ஓடமாட்டேன். செத்தாலும் அங்கேயேதான் சாவேன்.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் முன்னாள் ராணுவ நீச்சல்காரர், லோத்குண்டாவில் இருப்பவர். நீலகிரிப் பக்கம் சில வருடம் பணியில் இருந்ததால் தமிழ் வரும், நடுவில் ஹைதராபாத் இந்தியும் வரும். சிலிண்டர் தேர்ந்தெடுக்க எங்களை உப்பலில் ஒரு கூடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அழுத்தச் சோதனை முடிந்த சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. நான் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. தர்பூசணிக்குச் செய்கிற மரியாதையை இதற்கும் செய்தேன், அவ்வளவுதான். கடைசியில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று எடுத்து ஓரமாக வைத்தேன். பெரியது ஓடட்டும், சின்னது அவசரத்துக்கு இருக்கட்டும்.

"நக்கோ சாப், வேணாம்," என்றார் அவர். "ரெண்டும் ஒரே மாதிரி வேணும். ஒரே உலோகம், ஒரே அளவு, ஒரே வயசு."

பிறகு பொறுமையாக விளக்கினார். இரண்டு சிலிண்டரையும் தலைப்பக்கம் ஒரு குழாய் இணைக்கும். காற்று இரண்டிலிருந்தும் ஒன்றாகவே வரும், ஒன்றாகவே குறையும். குழாயின் நடுவில் ஒரு வால்வு, அது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். ஒரு பக்கம் கசிந்தால் மட்டும் அதை மூடி, மறுபக்கக் காற்றைக் காப்பாற்றிக்கொண்டு கரையேற வேண்டும். நான் தலையாட்டினேன். தலை மட்டும்தான் ஆடியது. உள்ளே இருந்த அடுப்படிப் புத்தி அசையவில்லை.

அடுத்து அலுமினியமா, ஸ்டீலா என்ற கேள்வி. என் இடுப்பை உத்தேசித்து அலுமினியம் என்றேன், பெயரிலேயே லேசாக இருக்கிறதே என்று. தூக்கிப் பார்த்தால் அப்படியொன்றும் லேசு இல்லை. அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றை வாத்தியார் சொன்னார். காற்று தீரத் தீர அலுமினிய சிலிண்டர் மிதக்கப் பார்க்கும், முதுகை மேலே இழுக்கும். ஸ்டீல் காலியானாலும் அடங்கிக் கீழேயே கிடக்கும்.

என் மனைவி அதற்குமேல் யோசிக்கவில்லை. "ஏனுங்க, உங்களுக்கு ஏற்கெனவே மேல ஓடற பழக்கம். சிலிண்டரும் கூடச் சேந்து ஓடோணுமாக்கும்?"

வாத்தியார் "ஹவ்" என்று ஒரே சொல்லில் அவள் கட்சியில் சேர்ந்துகொண்டார். ஸ்டீல் என்று முடிவாயிற்று.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய ஸ்டீல் என்றேன். பயத்துக்கு மருந்து காற்று, நிறையக் காற்று என்பது என் கணக்கு. சரி என்று ஒரு உயரமான ஜோடியை என் முதுகில் மாட்டி முக்காலியில் உட்கார வைத்தார்கள். எழுந்திருங்கள் என்றார்கள். நான் எழுந்திருக்க விரும்புவது எல்லோருக்கும் தெரிந்தது, முக்காலிக்கு மட்டும் தெரியவில்லை. சரி, உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் கொண்டுபோய் நடு வால்வைத் தொடுங்கள் என்றார் வாத்தியார். உயரத்துக்குத் தக்கபடி ஏற்றிக் கட்டினால் வால்வு பின்மண்டையில் இடித்தது. இறக்கிக் கட்டினால் சிலிண்டரின் அடி முக்காலியில் இடித்து, வால்வும் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போனது. பல வருடம் கோப்புக்கு முன்னால் குனிந்தே இருந்த தோள் அது. பின்பக்கம் என்று ஒரு திசை இருப்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. கடைசியில் குட்டையான ஸ்டீல் ஜோடியில்தான் விரல் நுனி வால்வைத் தொட்டது. கைக்கு எட்டாத பெரிய சிலிண்டரைவிட, எட்டுகிற சின்ன சிலிண்டரே மேல் என்று அவளும் சொன்னாள். அதையே எடுத்தோம்.

அதற்குப் பிறகு காலையும் மாலையும் மூச்சுப் பயிற்சி செய்து, துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுத்துத் தோளைப் பழக்கினேன். அலுவலக லிஃப்டிலும் செய்தேன். பக்கத்தில் நின்றவர்கள் மரியாதையாக அடுத்த லிஃப்டுக்குப் போனார்கள். நான் நிறுத்தவில்லை.

இரட்டை சிலிண்டருக்கான தேர்வு லோத்குண்டாவில் ஒரு ஆழமான நீச்சல் குளத்தில் நடந்தது. பயிற்சிக்கென்று சிலிண்டரில் பாதிக் காற்றுதான் நிரப்பியிருந்தார்கள். அடியில் போய், நடு வால்வை மூடிக் காட்டி, மறுபடி திறக்க வேண்டும். மூடினேன். தோள் ஒத்துழைத்ததில் எனக்கே ஆச்சரியம். திறக்கும் முறை வந்தபோது, கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சும்மா ஆட்டிவிட்டு, விரலை வளைத்து எல்லாம் சரி என்று காட்டினேன். தோள் வலித்தது என்பது பாதி உண்மை. ஒரு சிலிண்டராவது மூலையில் முழுசாக இருக்கட்டுமே என்ற எண்ணம் மறுபாதி.

பிறகு குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் அளவுமானியைப் பார்த்தேன். முள் அசையவே இல்லை. மனைவியின் முள்ளைப் பார்த்தேன், ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்தது. நான் செய்துவந்த மூச்சுப் பயிற்சி பலித்துவிட்டது, இனி காற்றே தேவைப்படாத நிலையை எட்டிவிடுவேன் என்று தோன்றியது. உடம்பு மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. அதையும் யோகத்தின் ஒரு படி என்றே எடுத்துக்கொண்டேன். என் அளவுமானி இடப்பக்கத்து சிலிண்டரோடு இணைந்தது என்பதும், நான் இழுத்துக்கொண்டிருந்தது வலப்பக்கத்துக் காற்று என்பதும் அந்த யோகிக்குத் தெரியாது.

ஒரு மூச்சு இழுத்தேன், கொஞ்சமாக வந்தது. இன்னொன்று இழுத்தேன், வரவில்லை. முள் அப்போதும் பாதியில் கம்பீரமாக நின்றது.

மூளை உடனே அவசரக் கூட்டம் கூட்டியது. மேலே ஓடு என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கால்கள் உதைக்கத் தயாராகிவிட்டன. எதிரே என் மனைவி. அவள் என்னைப் பிடிக்க வரவில்லை, கையைக்கூட நீட்டவில்லை. அந்தரத்தில் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய் துருவியபோது இருந்த அதே முகம்.

ஓடமாட்டேன் என்று முடிவு செய்தது நினைவுக்கு வந்தது. காலை மடக்கிக்கொண்டு குளத்தின் தரையில் முட்டி போட்டேன். தாடைக்குக் கீழே இன்னொரு வாய்க்குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அது இடப்பக்கத்து சிலிண்டருடையது. எடுத்து வாயில் வைத்தேன், காற்று வந்தது. கையைப் பின்னால் கொண்டுபோனேன். முதலில் என் காதைத் திருகினேன், பிறகு ஏதோ ஒரு குழாயை, அதற்குப் பிறகு வால்வை. திறந்ததும் காற்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீறிக்கொண்டு ஓடியது. முள் சரசரவென்று இறங்கியது, கூடவே என் யோகமும்.

எல்லோரும் ஏறிய பிறகு மெதுவாக ஏறினேன். வாத்தியார் தேர்வில் தோல்வி என்றார். ஏன் மூடியே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அடுப்படி விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. துண்டை என் தலையில் போட்டுத் துவட்டியபடி, "மேல ஓடலீங்களே," என்றாள்.

அடுத்த தேர்வில் நடு வால்வை மூடினேன், திறந்தேன். தேறினேன். கப்பலைப் பார்க்க அவளோடு இறங்கியது நான்தான்.