நான் தூங்க வைத்த ஆப்

தங்கவேலு அண்ணன் தொழிற்சாலைக் காவல் அறை வாசலில் மயங்கி விழுந்ததற்கு அவர் காரணமில்லை. நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சால்ஜாப்பு போல இருக்கும். சால்ஜாப்பு சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், ஹேண்ட்ஃபோன் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கவுண்ட்டரில் நின்றேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். எந்த ஃபோனில் எத்தனை கேமரா, எவ்வளவு மெமரி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஃபோனைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

1. மாலாக்கா செட்டிங்

கடையில் மாலாக்கா என்கிற எனக்கு ஒரு பெயர் இருந்தது. நான் கொடுக்கும் ஃபோனில் சார்ஜ் நிற்கும். அதே ஃபோனை வேறு கடையில் வாங்கினால் ஒரு நாள்; என்னிடம் வாங்கினால் ஒன்றரை நாள். செங்காங்கிலிருந்து ஒரு ஆன்ட்டி இதற்காகவே ரயிலேறி வந்து, "மாலாக்கா இருக்காங்களா? அவங்க செட் பண்ணிக் குடுத்தாத்தான் வாங்குவேன்" என்று வாசலிலேயே நின்றிருக்கிறார்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. பழைய ஃபோனில் உள்ளதையெல்லாம் புதியதற்கு மாற்றி முடித்ததும் நேரே பேட்டரி பக்கத்தைத் திறப்பேன். அங்கே ஆப்களை ஒவ்வொன்றாகத் தூங்க வைக்கலாம். தூங்க வைத்த ஆப், நாம் திறந்தால் மட்டும் வேலை செய்யும். மூடிவிட்டால் பின்னால் ஓடாது, பேட்டரியைத் தின்னாது. மெசேஜ், வங்கி, பஸ் நேரம் பார்ப்பது, இவற்றை மட்டும் விட்டுவிடுவேன். எனக்குப் பெயர் தெரியாதது எல்லாம் தூங்கட்டும் என்பது என் சட்டம்.

எங்கள் முதலாளி ஹாஜா பாய் வாய்விட்டு யாரையும் பாராட்டாதவர். அவரே ஒருநாள், "நீ கை வச்சா பேட்டரிக்கு ஆயுசு கூடிருது லா" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. அந்தப் புகழ் எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

2. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்

தங்கவேலு அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி சரோஜாக்காவோடு வந்தார். புக்கிட் பாத்தோக்கில் வீடு. பூன் லே பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வேலை. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பொத்தான் மாட்டியிருந்தார்.

"தங்கச்சி, காலையில ஏழு மணிக்கு டியூட்டி ஏறுனா சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் இறங்குவேன். ரெண்டு மணிக்கெல்லாம் இந்த ஃபோன் செத்துருது. பெரிய பேட்டரியா ஒண்ணு குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"அப்படி என்னதான்ணே பாக்குறீங்க, ரெண்டு மணிக்குள்ள தீந்துபோற அளவுக்கு? சீரியலா?" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரித்து மழுப்பினார். சரோஜாக்கா அவர் முழங்கையைத் தொட்டு, "சொல்லுங்களேன்" என்றார்.

"அதெல்லாம் எதுக்கு இங்க போய்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். பின்னால் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் வேறு கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் கேட்கவில்லை.

பெரிய பேட்டரி உள்ள ஃபோன் ஒன்றை எடுத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் மாற்றி, வழக்கம்போல என் செட்டிங்கைப் போட்டேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆப் இருந்தது. ஆங்கிலத்தில் என்னவோ பெயர். நடைப்பயிற்சி எண்ணுவதாக இருக்கும் என்று நினைத்து அதையும் தூங்க வைத்தேன். ஒரு விரல் அழுத்தம், அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துக் கடைக்கு ஃபோன் செய்தார். "மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாத்தாலும் சார்ஜ் இருக்கும்மா! ரொம்ப நல்லாருக்கு!" என்றார். பக்கத்தில் நின்ற ஹாஜா பாய்க்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

3. சரோஜாக்கா கேட்ட கேள்வி

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை, கடையில் ஆளில்லாத நேரம். சரோஜாக்கா தனியாக வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான் விற்ற ஃபோன். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"தங்கச்சி, இதுல அலாரத்த யாரு, எப்ப நிறுத்துனாங்கன்னு பாக்க முடியுமா?"

"என்ன அலாரம்கா?"

அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். தங்கவேலு அண்ணனுக்கு இன்சுலின் போடும் அளவுக்குச் சர்க்கரை. மேல்கையில் பட்டன் மாதிரி ஒரு சென்சார் ஒட்டியிருப்பார். முழுக்கைச் சட்டை அதை மறைக்கத்தான். சர்க்கரை குறைந்தால் அந்த ஆரஞ்சு ஆப் ஃபோனில் அலாரம் அடிக்கும். அடித்ததும் பாக்கெட் ஜூஸ் ஒன்றைக் குடித்துவிட வேண்டும்.

"முன்னெல்லாம் கை நடுங்கும், வேர்க்கும், அவருக்கே தெரிஞ்சுரும். இப்ப ஒண்ணும் தெரியறதில்ல. அந்த அலாரம் ஒண்ணுதான் சொல்லும்" என்றார்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு அலாரம் அடிக்கவில்லை. சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர் கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடித்துப் பார்த்து, இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். அண்ணன் காவல் அறை வாசல்படியில் கிடந்தார். நெற்றியில் தையல், வலது மணிக்கட்டில் முறிவு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம்.

"போன வருஷம் சூப்பர்வைசர் முன்னாடி அலாரம் அடிச்சிருச்சு. அவன் சிரிச்சான்னு இவரு அலாரத்தையே நிறுத்திவச்சுட்டாரு. நான் சண்டை போட்டதும், மக தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாரு, இனிமே நிறுத்தமாட்டேன்னு. இப்ப மறுபடியும் பண்ணியிருக்காரு. கேட்டா, நான் நிறுத்தவே இல்லங்கிறாரு. பெத்த பிள்ளை மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ற மனுசனோட நான் என்ன பேசுறது? மூணு நாளா பேசல."

நான் ஃபோனைத் திறந்தேன். ஆப்புக்குள் போய்ப் பார்த்தேன். எல்லா அலாரமும் ஆனில் இருந்தது. சத்தம் முழு அளவில் வைத்திருந்தார். அந்த மனுஷன் ஒன்றையும் தொடவில்லை.

அப்புறம் பேட்டரி பக்கத்தைத் திறந்தேன். நான் தூங்க வைத்த ஆப்களின் பட்டியலில் பதினோராவதாக அது இருந்தது. ஆப்பைத் திறந்து பார்த்தால் சர்க்கரை அளவைக் காட்டியிருக்கும். அதனால் அண்ணனுக்கும் சந்தேகம் வந்திருக்காது. தானாக அடிப்பது மட்டும் நின்றுபோயிருந்தது. பட்டியலிலிருந்து அதை எடுத்தேன்.

"என்ன தங்கச்சி?"

"ஃபோன்ல ஒரு சின்னப் பிரச்சனைக்கா. சரி பண்ணிட்டேன். இனிமே அடிக்கும்."

"அப்ப அவரு நிறுத்தலியா?"

ஹாஜா பாய் கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லாதே என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார்.

"தெரியலக்கா" என்றேன்.

"எனக்குத் தெரியும். நிறுத்திட்டு, பயந்துபோய்த் திரும்பப் போட்டிருப்பாரு" என்று சொல்லி ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

4. பாய்க்கும் எனக்கும்

"ஏன் மாலா மூஞ்சிய அப்படி வச்சிருக்கே? நீ வேணும்னா செஞ்சே? ஆளு பொழச்சுட்டாருல்ல, அல்லாவோட கிருபை. நீ போய்ச் சொன்னா வக்கீல் நோட்டீஸ் வரும், கடையைப் பூட்டணும். கடைய நம்பி நம்ம அஞ்சு பேர் குடும்பம் இருக்கு" என்றார் ஹாஜா பாய்.

அவர் கெட்டவரில்லை. என் கணவர் தவறியபோது மூன்று மாதம் சம்பளத்தோடு வீட்டில் இருக்கச் சொன்னவர். மத்தியானம் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

என்னை அரித்தது மயங்கி விழுந்தது மட்டுமல்ல. அது தெரியாமல் செய்தது. ஆனால் அந்த அம்மா நேராகக் கேட்டபோது "தெரியலக்கா" என்றேனே, அது தெரிந்தே செய்தது. ஒரு மனுஷன் படுக்கையில் கிடந்து, செய்யாத குற்றத்தைச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டிய மனைவி நம்பவில்லை. நம்ப வைக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் கவுண்ட்டரில் நின்று ஸ்க்ரீன் புரொடெக்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது.

மறுநாள் காலை பாயிடம் போய், "நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன் பாய். சொல்லத்தான் போறேன். வேலைக்கு வரவேணாம்னா இப்பவே சொல்லிருங்க" என்றேன்.

அவர், "போறதுதான் போறே, பழம் ஏதாச்சும் வாங்கிட்டுப் போ. சர்க்கரைக்காரரு, பாத்து வாங்கு" என்றார்.

5. வார்டில்

பார்வையாளர் நேரம். எட்டுக் கட்டில் வார்டில் அண்ணன் ஜன்னலோரம் படுத்திருந்தார். வலது கையில் கட்டு. மேசைமேல் கஞ்சிக் கிண்ணம் மூடியோடு இருந்தது. சரோஜாக்கா நாற்காலியைத் தள்ளிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டினாற்போல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் இடது கையால் மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வாய் வராது என்று தெரியும்.

"அண்ணே, நீங்க அலாரத்த நிறுத்தல. அந்த ஆப்ப நான்தான் தூங்க வச்சேன். ஃபோன் குடுத்த அன்னைக்கே. சார்ஜ் நிக்கணும்னு, என்ன ஆப்புன்னுகூடப் பாக்காம செஞ்சேன். அது அடிச்சிருக்கவே முடியாது. சரோஜாக்கா, நேத்து நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். பயத்துல தெரியலன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

சரோஜாக்கா எழுந்து நின்றார். "நேத்து கேட்டேனே! மூஞ்சியப் பாத்துக் கேட்டேனே! நீயும் ஒரு பொம்பளதானே? இங்க திரும்பி வந்து இந்த மனுசன என்ன பேச்சுப் பேசியிருக்கேன் தெரியுமா?" என்று கத்தினார். நர்ஸ் ஓடி வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குச் சேர வேண்டியதுதான்.

தங்கவேலு அண்ணன் என்னைத் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

"நானே குழம்பிப் போயிட்டேன் தங்கச்சி" என்றார். "இவ சொல்லச் சொல்ல, ஒருவேளை நாந்தான் நிறுத்திட்டு மறந்துட்டேனோன்னு நெனச்சேன். புத்தி கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன்."

பிறகு மனைவி பக்கம் திரும்பி, "சரோஜா, கஞ்சி ஆறிப்போவுது" என்றார்.

சரோஜாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து ஊட்டினார். நான் கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"தங்கச்சி" என்று அண்ணன் கூப்பிட்டார். "இந்த மாதிரி வேற யாருக்கெல்லாம் வச்சுக் குடுத்தீங்க?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.

6. அதன் பிறகு

கடை ரசீதுகளின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். முதல் நாள் ஹாஜா பாய் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் ரசீதுகளில் பாதியை எடுத்து அவரும் கூப்பிட்டார். ஏழு வாரம் ஆயிற்று. பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. ஒரு அம்மாவின் காது மெஷின் ஆப் தூங்கிக்கொண்டிருந்தது. ஆப் எச்சரிக்காததால் பேட்டரி தீரப்போவது தெரியாமல் காது மெஷின் திடீர் திடீரென்று நிற்கிறது என்று இரண்டு முறை கிளினிக்குக்கு நடந்திருக்கிறார். ஒருவருடைய வீட்டில், தனியாக இருக்கும் அப்பா விழுந்தால் மகன் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும் ஆப்பும் தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா விழவில்லை, நல்ல வேளை. அந்த மகன் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். கேட்டுக்கொண்டேன்.

வக்கீல் நோட்டீஸ் வரவில்லை. வந்திருந்தாலும் சரி என்றுதான் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் ஃபோனை என் செட்டிங் எதுவும் இல்லாமல் பிறகு சோதித்துப் பார்த்தேன். அந்த ஆப் நாள் முழுக்க ஓடியும் சாயங்காலம் ஏழு மணிக்கு முப்பத்தெட்டு பெர்சென்ட் மிச்சம் இருந்தது. அவர் கேட்டது பன்னிரண்டு மணி நேரம். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கொடுத்திருந்தாலே போதும். மிச்சமெல்லாம் என் பெயருக்காக நான் சேர்த்தது.

கவுண்ட்டரில் நிற்கும் பிள்ளைகளே, பேட்டரி நிற்கவில்லை என்று ஒருவர் வந்தால், எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதோடு நிறுத்தாதீர்கள். "உங்க ஃபோன்ல எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கவேண்டியது என்ன?" என்று கேளுங்கள். சிலர் வெட்கப்பட்டு மழுப்புவார்கள். தனியாகக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேளுங்கள். வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விட்டால் விடட்டும்.

நான் ஓய்வு பெற்ற அன்று தங்கவேலு அண்ணனும் சரோஜாக்காவும் கடைக்கு வந்தார்கள். அண்ணன் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். மேல்கையில் அந்த வெள்ளைப் பட்டன் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்காக வாங்கிய கேக்கை வெட்டப் போகும் நேரத்தில் அவர் ஃபோன் அலறியது. வாசலில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் பதறிப்போய், "அங்கிள், நிறுத்தட்டுமா?" என்று கையை நீட்டினாள்.

"இரும்மா, அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் பையிலிருந்து பாக்கெட் ஜூஸை எடுத்து, ஸ்ட்ராவைக் குத்தி, எல்லோர் முன்னாலும் நின்று நிதானமாகக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை நாங்கள் கேக்கை வெட்டாமல் காத்திருந்தோம்.