கறுப்புச் சாவி

சாவியை வெர்னா ஒளித்து வைத்தாளாம்! சலூன் நாற்காலியில் உட்கார்ந்த தலைக்கெல்லாம் சாயத்தோடு சேர்த்து இந்தக் கதையையும் பூசி அனுப்புகிறாள் நேடீன். அன்றைக்குப் பந்தயத் திடல் பக்கமே நேடீன் வரவில்லை. வந்தவர்களிலும் பாதிப் பேர் மீன் ரொட்டிக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். அவள் புருஷன் கோர்டியின் வண்டி திடலை விட்டு வெளியே போனதை அவர்கள் பார்த்தார்கள். சாவியை எடுக்கப் போகிறான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். மீதியை அவர்களே சமைத்துக்கொண்டார்கள்.

வெர்னா ஸ்டாக்குரா நல்லவள் என்று சாதிக்க வரவில்லை. மன்னிக்கிற ரகமில்லை அவள். பள்ளிக்கூடத்தில் பின்னலைப் பிடித்து இழுத்த பையனுக்கு ஏழு வருஷம் கழித்து, அவன் கல்யாணத்தன்று பதில் கொடுத்தவள். ஆனால் திருட்டுத்தனம் அவளுக்கு வராது. யாரைக் கவிழ்த்தாலும் அவன் கண்ணுக்கு நேரே நின்றுதான் கவிழ்ப்பாள். அதனால் நடந்தது நடந்தபடி இருக்கட்டும்.

மன்றோ ஊரில் ரயில் பாதையைத் தாண்டினால் கோர்டியின் கடை. பலகையில் அவன் பெயர் மட்டும் இருக்கும். சாலஞ்சர் என்ற முரட்டுக் காரை வாங்கிய ஆண்கள் அங்கே வருவார்கள், இன்னும் வேகம் வேண்டும் என்று. வேகம் என்பது இந்தக் காலத்தில் ஸ்பேனரில் மட்டும் இல்லை. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்பதெல்லாம் வண்டிக்குள் இருக்கும் கணினியில் எழுதியிருக்கும். மடிக்கணினியைச் செருகி அந்தக் கணக்கை மாற்றி எழுத வேண்டும். அதற்கு டியூன் என்று பெயர். அந்தக் கடையில் பதினாலு வருஷமாக டியூன் எழுதியவள் வெர்னா. கோர்டி கைகுலுக்குவான், தோளில் தட்டுவான், வண்டியைக் கிழக்கே நிறுத்துவதா மேற்கே நிறுத்துவதா என்று தீர்மானிப்பான். ஒவ்வொரு வண்டிக்கும் அவள் சுருள்கம்பி நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். அட்டையில் வண்டிக்காரர்களின் பெயர்கள். அப்படி முப்பத்தொரு நோட்டுகள்.

சாலஞ்சரில் எந்த வகை வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கும் அவள்தான் பதில் சொல்வாள். சாதாரண ஆர்டி, அதற்கு மேலே ஸ்காட் பேக், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஹெல்கேட்.

"சத்தம் மட்டும் போதும்னா ஆர்டி எடுத்துக்கோ. ஓட்டணும்னா ஸ்காட் பேக். ஓட்டறதை விட ஊர்ல சொல்லிக்கறதுதான் முக்கியம்னா ஹெல்கேட்."

கோர்டியிடம் இருந்தது ஹெல்கேட். பக்கவாட்டில் பூனைத் தலை போட்ட சின்னம். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் சூப்பர்சார்ஜர் அதில் உண்டு. அந்த வண்டிக்கு இரண்டு சாவி கொடுப்பார்கள். கறுப்புச் சாவி கையில் இருந்தால் வண்டி அடங்கி ஓடும், ஐந்நூறு குதிரைசக்திதான். சிவப்புச் சாவி இருந்தால் எழுநூற்றுச் சொச்சமும் அவிழ்ந்து வரும். கோர்டி அந்தச் சிவப்புச் சாவியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆணியடித்துக் கடைச் சுவரில் மாட்டியிருந்தான். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்க வேண்டுமே! ஓட்டப் போகும்போது மட்டும் சட்டத்தைத் திறந்து, பூசாரி மாதிரி எடுப்பான்.

போன வருஷம் செப்டம்பரில் ஓஹையோவிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்தார்கள். கார் பைத்தியங்கள் பார்க்கிற வீடியோ எடுப்பவர்கள். கோர்டி தொப்பியைச் சரி செய்துகொண்டு ஹெல்கேட் முன்னால் நின்றான். வெர்னா பின்னால், மடியில் கணினி, முழங்கைவரை கரி.

"பின்னாடி இருக்கறது யாருங்க?" என்றான் கேமராக்காரன்.

"அதுவா? என் சம்சாரம். போன் எடுப்பா, காபி போடுவா. கடைக்குக் கைராசி!"

எல்லாரும் சிரித்தார்கள். வெர்னாவும் உதட்டை இழுத்து வைத்தாள், கேமரா ஓடிக்கொண்டிருந்ததே. அந்த வீடியோவை மாவட்டமே பார்த்தது. மளிகைக் கடையில் காசு வாங்குகிற பெண், "உங்க கையால ஒரு காபி கிடைக்குமா?" என்று கண்ணடித்தாள். அன்றைக்கு வெர்னா முட்டை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தாள்.

சண்டை போட்டாளா? இல்லை. காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அதிலேயே கோர்டிக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நவம்பரில் காப்பீட்டுக்காரர்கள் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விடும் இடத்துக்குப் போய் ஒரு ஸ்காட் பேக் வாங்கி வந்தாள். கத்தரிப்பூ நிறம். ஆலங்கட்டி மழை அடித்துக் கூரையும் எஞ்சின் மூடியும் முழுக்க அம்மைத் தழும்பு. சனிக்கிழமை காலையில் கடையில் கூடும் காபிக் கும்பலுக்கு அன்று நல்ல தீனி.

"என்ன வெர்னா, கோல்ஃப் பந்துக்கு அச்சு வார்க்கிறியா?"

"மேல கொஞ்சம் மாவு ஊத்து, பணியாரம் சுடலாம்!"

கோர்டி எல்லாரையும் விட உரக்கச் சிரித்தான். "விடுங்கப்பா, பொழுதுபோக்கு வேணும்ல அவளுக்கும்."

வெர்னா கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "மே மாசம் முதல் சனிக்கிழமை. பிரஷ் க்ரீக் திடல். உன் பூனையும் என் பணியாரச் சட்டியும். தோத்தவங்க வழக்கப்படி சின்னத்தைப் பிச்சுக் கொடுக்கணும்."

"அவ்வளவுதானே?"

"இல்ல. நான் ஜெயிச்சா, இந்தக் கடையில பதினாலு வருஷமா டியூன் எழுதினது யாருன்னு நீ மைக்ல சொல்லணும். ஊர் கேக்க. என் பேரைச் சொல்லி."

ஒருவன் டோனட்டைக் கடித்த வாய் அப்படியே நின்றது.

"நான் ஜெயிச்சா?" என்றான் கோர்டி.

"நீ சொன்ன மாதிரியே இருந்துட்டுப் போறேன். போன், காபி. சாகிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

குளிர்காலம் பூராவும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஊர் தேவாலயத்தில் இருக்கும்போது, அவள் அந்த வண்டிக்கு அடியில் கிடந்தாள். சிநேகிதி டாலி கிஷ் விளக்குப் பிடித்தாள். ஸ்காட் பேக்கில் சூப்பர்சார்ஜர் இல்லை. ஒன்று வாங்கிப் பொருத்தேன் என்றாள் டாலி.

"வேண்டாம்டி. குதிரை அவன்கிட்ட நிறைய இருக்கு. தரையில கால் ஊன வழியில்ல. இருபது அங்குலச் சக்கரம், தேஞ்ச பப்படம் மாதிரி டயரு. அழகா இருக்காம். மாத்துன்னு மூணு வருஷமாச் சொல்றேன், கேட்டானா?"

அதனால் அவள் எடையைக் கழற்றினாள். பின் இருக்கை, பக்கத்து இருக்கை, கம்பளம், பாட்டுப் பெட்டி எல்லாம் வெளியே. எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டை மாற்றினாள், புகைக்குழாயை மாற்றினாள். பின்னால் சின்னச் சக்கரம் போட்டுப் பந்தயத்துக்கென்றே வரும் மெத்து டயர் மாட்டினாள். சூடேறினால் சாலையில் பசை போல் ஒட்டும். அந்த வண்டிக்கு முப்பத்திரண்டாவது நோட்டு. ஒரு விஷயம் நேடீனுக்குத் தெரியாது. கோர்டியின் ஹெல்கேட்டுக்கும் டியூன் எழுதியவள் வெர்னாதான், சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்ற அதில் சின்னப் புல்லி போட்டவளும் அவள்தான். அதில் ஒரு எண்ணைக் குறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? தொடவில்லை. அவளுடைய சொந்தக் கைவேலையையே அவள் ஜெயித்தாக வேண்டும். அப்படித்தான் ஜெயிக்கவும் விரும்பினாள்.

மே மாதச் சனிக்கிழமை நல்ல வெயில். வண்டிகள் இரண்டிரண்டாக வரிசையில் நகர்ந்தன. இவர்களுக்கு முன்னால் நாலு ஜோடிதான் பாக்கி. கோர்டி கதவில் சாய்ந்து யாரோடோ பேசிக்கொண்டு சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான்.

வெர்னா பார்த்தாள். கறுப்பு.

காலையில் புறப்படும்போது அவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர், தட்டிக்கொடுப்பதும் படம் எடுப்பதுமாக. பூசாரி அவசரத்தில் சாமியைக் கருவறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். சிவப்புச் சாவி சுவரில், கண்ணாடிக்குப் பின்னால்.

டாலிக்கும் தெரிந்துவிட்டது. வெர்னாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாயைத் திறந்தே, கொன்னுடுவேன். ஏறு. ஓட்டு. ஜெயிச்சாச்சு."

ஆமாம், ஜெயித்தாகிவிட்டது. இருநூறு குதிரை லாயத்திலேயே கட்டிக் கிடக்கிறது. வெர்னா ஏறி ஸ்டியரிங்கில் கை வைத்தாள். வருகிற இருபது வருஷமும் அவள் கண் முன்னால் வந்தது: காபிக் கும்பல் நடுவில் கோர்டி, "அன்னிக்குக் கறுப்புச் சாவிப்பா, இல்லாட்டி நடக்குமா?" சிரிப்பு. அவள் கையில் கெட்டில்.

வெர்னா இறங்கினாள்.

"கோர்டி, சிவப்புச் சாவி எங்க?"

அவன் விரல் நின்றது. கையைப் பார்த்தான். கழுத்திலிருந்து காதுவரை சிவந்தான். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் மோவாயைத் தூக்கினான்.

"உன்னைப் பிடிக்க இதுவே போதும்."

"எனக்குப் போதாது. உன் பாதி வண்டியை ஜெயிக்கவா ஆறு மாசம் முதுகை ஒடிச்சுக்கிட்டேன்? போய் எடுத்துட்டு வா. நீ நாளைக்குச் சொல்றதுக்கு ஒரு சாக்கு மிச்சம் இருக்கக் கூடாது."

அவளே அறிவிப்பாளர் ஹார்லனின் கூண்டுக்குப் போய், தங்கள் முறையைத் தள்ளி வைக்கச் சொன்னாள். கோர்டி கிளம்பிப் போனான். மீன் ரொட்டி வரிசை பார்த்தது அந்தப் புறப்பாட்டைத்தான். போகச் சொன்னது யார் என்று இப்போது தெரிகிறதா?

நாற்பது நிமிஷம் கழித்துச் சிவப்புச் சாவியோடு வந்தான். எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டிவிட்டுத்தான் ஏறினான்.

இரண்டு வண்டியும் கோட்டில் நின்றன, கால் மைல் நேர் ஓட்டத்துக்கு. கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் இறங்கின, பச்சை எரிந்தது. கோர்டி மிதித்தான். எழுநூறு குதிரையும் நின்ற இடத்திலேயே புகையாகக் கிளம்பின. வண்டியின் பின்புறம் ஆடிக்கொண்டு வழுக்கியது. அந்தப் பக்கம் கத்தரிப்பூ வண்டி பின்னங்காலில் குந்தி ஒரே தாவலாகப் போய்விட்டது, பருக்கை அளவு புகைகூட இல்லை. பாதி தூரத்தில் ஹெல்கேட்டுக்குப் பிடி கிடைத்தது. துரத்தியது பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி! கடைசிக் கோட்டைத் தாண்டும்போது வேகம் அவனுக்குத்தான் அதிகம். ஆனால் தாண்டியவள் முதலில் அவள். நேரச் சீட்டில் அவளுக்குப் பதினொன்று புள்ளி நாலு நொடி, அவனுக்குப் பன்னிரண்டு.

சின்னத்தைக் கொடுப்பதில் கோர்டி குறை வைக்கவில்லை. ஹார்லனின் கூண்டில் முடி உலர்த்தியைச் செருகி, வண்டிப் பக்கவாட்டில் சூடு காட்டிப் பசையை இளக்கி, பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைப் பின்னால் விட்டு அறுத்து, பூனைத் தலையை எடுத்து அவள் கையில் வைத்தான். கூட்டம் கைதட்டியது. தோற்றாலும் சிரித்த முகம் என்று பெயர் வாங்கினான். ஹார்லன் மைக்கை நீட்டினான்.

வெர்னா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூச்சைக்கூடப் பிடித்திருந்தாள் என்று டாலி சொல்கிறாள்.

"அது வந்து... இன்னிக்கு டயர் வழுக்கிடுச்சு," என்றான் கோர்டி. "கடைன்னா பல பேர் சேர்ந்து பண்றதுதான். வெர்னாவும் உதவி பண்ணுவா. நல்லாவே உதவி பண்ணுவா. நான்தான் சொன்னேனே, கைராசிக்காரி!"

மறுபடியும் கைதட்டல். கோர்டி அவள் பக்கம் பார்த்துக் கண் சிமிட்டினான், கடன் தீர்ந்தது என்பதுபோல.

"உதவியாம்," என்றாள் வெர்னா.

மறுநாள் ஞாயிறு. முன்னாள் சிப்பாய்கள் மன்றத்தில் மீன் வறுவல் விருந்து. பட்டப்பகலில் கோர்டி அங்கே பந்தயக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது, வெர்னா ஹெல்கேட்டை லிஃப்டில் ஏற்றினாள். அவள் போட்ட சின்னப் புல்லியைக் கழற்றி, தொழிற்சாலைப் புல்லியைத் திரும்ப மாட்டினாள். அவள் செய்த புகைக்குழாயை எடுத்துப் பழையதைப் போட்டாள். அவள் எழுதிய டியூனை அழித்து, வண்டி பிறந்தபோது இருந்த கணக்கை ஏற்றினாள். ஒவ்வொரு போல்ட்டையும் அளவுப்படி முறுக்கினாள். ஒரு கீறல் இல்லை. உடைத்தாள் என்று எவனும் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை கடை திறந்தபோது கெட்டில் காலி. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சிவப்புச் சாவி இல்லை; அது மேஜைமேல் கிடந்தது. சட்டத்துக்குள் சனிக்கிழமை நேரச் சீட்டு, இரண்டு பேர் நொடியும் தெரியும்படி.

"காபி எங்க?" என்றபடி உள்ளே வந்த கோர்டி, சட்டத்தைப் பார்த்தான். வெளியே ஓடி வண்டியைக் கிளப்பினான். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. திரும்பி வந்தபோது வெர்னா பால் புட்டிப் பெட்டியில் முப்பத்திரண்டு நோட்டுகளையும் அடுக்கி முடித்திருந்தாள். மேலே பூனைத் தலைச் சின்னம்.

"என் வண்டியை என்னடி பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. நான் பண்ணினதை எடுத்துட்டேன். மிச்சம் இருக்கறது நீ பண்ணினது."

அந்த நேரம் பார்த்து, டொலீடோவிலிருந்து வண்டி எடுக்க வந்திருந்த வாடிக்கைக்காரர் கேட்டார், தன் வண்டிக்குத் தீப்பொறி எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறீர்கள் என்று. கோர்டி வாயைத் திறந்தான். பதினாலு வருஷப் பழக்கம், கழுத்து தானாகத் திரும்பியது.

"வெர்னா, இவர் வண்டிக்கு எத்தனை வெச்சோம்?"

அவள் பெட்டியைத் தூக்கியாகிவிட்டது. "நான் போன் எடுக்கிறவ கோர்டி. எனக்கென்ன தெரியும்?"

வாடிக்கைக்காரர் கோர்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பெட்டியில் தன் பெயர் எழுதிய நோட்டைப் பார்த்தார். எழுந்து, "கதவைத் திறந்து விடட்டுமா, அம்மா?" என்றார்.

"வேண்டாங்க. கை நிறைய சாமானோட இந்தக் கதவை இடுப்பால தள்ளித்தான் எனக்குப் பழக்கம்."

தள்ளினாள், போய்விட்டாள்.