காப்பு கட்டமாட்டேன்னு சொன்ன மனுசன்

ஆத்தாளை நம்புற சனங்களுக்கு நீலகிரியில எமரால்டு பக்கத்துல இருந்து பாக்கியம் எழுதுறேன். எழுத்து கோணலாத்தான் வரும். இது என் வீட்டு சமாச்சாரம், அடுத்தவங்க கையால எழுத மாட்டேன்.

போன வருசத் திருவிழாவுக்கு எங்க வீட்டுக்காரர் காப்பு கட்டமாட்டேன்னுட்டார். சிலோன்ல இருந்து வந்து இந்த மலையில குடியேறுன காலத்துல இருந்து எங்க மாரியம்மனுக்குக் கரகம் எடுக்குறது அவர்தான். காப்பு கட்டுனா கோயில்லயே தங்கணும், ஆம்பளைங்க ஒண்ணா ஓடையில குளிக்கணும், சுத்தமா இருக்கணும். "வயசாச்சு, வேற ஆள் எடுக்கட்டும்"னார். எனக்கு சுருக்குன்னுச்சு. சுத்தம் கெட்டவன்தானே காப்புக்குப் பயப்படுவான்?

அப்புறம் ஒவ்வொண்ணா கண்ணுல பட்டுச்சு. தனிக் கம்பளி கேட்டார். டீத்தண்ணிய குடிக்காம வச்சுடுவார். நாங்க குடியிருக்குற லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால போனா லேசுல வரமாட்டார். தன் வேட்டிய தானே துவைச்சார். கட்டுன நாளா ஒரு துண்டு அலசாத மனுசன்! கேரட் கழுவுற எடத்துல அவரோட வேலை செய்யறவ ஒருத்தி, "ஏனுங்கக்கா, அண்ணன் முகம் வாடிக் கெடக்குதே, சொகமில்லீங்களா?"ன்னு கேட்டா. இவளுக்கு என்ன அக்கறை? சரி, இவதான்னு முடிவு பண்ணிட்டேன்.

சோறு எறங்கல. கோயிலுக்குப் போய் நின்னேன். "ஆத்தா, இந்த மனுசன் மறைக்குறத என் கண்ணுல காட்டு. இல்லேன்னா என்னை எடுத்துக்கோ"ன்னு அழுதேன்.

திரும்பி வந்தா லயத்துக்குப் பின்னால முனகல் சத்தம். மாட்டுனாங்கடான்னு வெளக்கமாத்தோட போனேன். அங்க அவர் மட்டுந்தான். செவுத்துல நெத்தியை முட்டிக்கிட்டு முக்குறார். ஒண்ணுக்கு சொட்டு சொட்டா விழுது. கண்ணுல தண்ணி.

"என்னய்யா இது?"

"போடி உள்ள."

"சொல்லாம நகர மாட்டேன்."

அப்பத்தான் சொன்னார். அதுக்கு முந்தின மழைக்காலத்துல ஒரு நாள், காட்டெருமை தொரத்துச்சு, தோட்டத்து இரும்புக் கேட்டைத் தாண்டுறப்ப வழுக்கி விழுந்தேன்னு வந்தார். தொடையில அடின்னு என்கிட்ட சொன்னார். அடி பட்டது தொடையில இல்ல. கம்பி மேல கால் ரெண்டும் ரெண்டு பக்கமா விழுந்து, ஆம்பளை எடத்துலயே பட்டு ரத்தம் வந்திருக்கு. ரத்தம் நின்னுச்சு, வலி போகல. ஒண்ணுக்கு நூலாட்டம் வருது, அப்புறம் சொட்டிக்கிட்டே இருக்குது. "இந்த ஈரத்தோட ஆத்தா முன்னால எப்படிடி கரகத்தோட நிப்பேன்?"னார்.

வெளக்கமாத்தைக் கீழ போட்டுட்டேன்.

ஊட்டிக்கு இழுத்துட்டுப் போனேன். டாக்டர் சின்னப் பையன். எனக்கு நம்பிக்கையே இல்ல. "நீங்க வெளிய இருங்கம்மா"ன்னார். "நான் போனா இவர் தொடைன்னுதான் சொல்வார்"னேன். எல்லாத்தையும் பாத்தார், மருந்து ஏத்திப் படம் எடுத்தார். "உள்காயம் ஆறித் தழும்பு கட்டி, ஒண்ணுக்கு வர்ற வழி சுருங்கிடுச்சு. ரத்தம் வந்த அன்னைக்கே வந்திருக்கணும். இன்னும் விட்டா கிட்னி கெட்டுடும்"னார்.

"வேற எங்கயாச்சும் போய் வாங்கிட்டு வந்த சீக்கு இல்லியே?"

டாக்டர் சிரிச்சுட்டார். "விழுந்த அடிதாம்மா." எங்க வீட்டுக்காரர் தலையை நிமுத்தவே இல்ல.

குழாய் விட்டு அந்தத் தழும்பை அறுத்து வழி பண்ணணும்னாங்க. உள்ள என்னத்தை அறுக்குறாங்களோன்னு கதவையே மொறைச்சுக்கிட்டு நின்னேன். வாய் மட்டும் ஆத்தா ஆத்தான்னுச்சு. பொழைச்சு வந்தார். மறுபடி சுருங்கலாம், அப்பப்ப வந்து காட்டணும்னு சொல்லி அனுப்புனாங்க. காட்டுறோம்.

நான் சந்தேகப்பட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். அவர் மறைச்சது நெசம். நான் கேட்டது ஒருத்தியை, ஆத்தா காட்டுனது ஒரு காயத்தை. ஆத்தாகிட்ட கேளுங்க, காட்டுவா. காட்டுனதும் வெக்கத்தை மூட்டை கட்டி வச்சுட்டு டாக்டர்கிட்ட போங்க. ஆம்பளைங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன்.

இந்த வருசம் காப்பு கட்டிக் கரகம் எடுத்தார். இப்பவும் அவர் ஒண்ணுக்குன்னு லயத்துக்குப் பின்னால போனா பின்கதவுகிட்ட நின்னு காது குடுப்பேன். "இன்னுமாடி வேவு பாக்குற?"ம்பார். ஆமா, பாக்குறேன். சத்தம் நல்லாக் கேட்டதும் கோயில் இருக்குற தெசையைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு அடுப்புக்குப் போயிடுவேன்.