கடையில் சூடாகாத டேப்லெட்

2012 கோடையில் அந்த டேப்லெட் மூன்றாவது முறையாக எங்கள் சர்வீஸ் சென்டருக்கு வந்தது.

சிதம்பரம் மேல வீதியில் மாடியில் இருந்த சின்னக் கடை. நான் கவுண்டரில் இருந்தேன். பொருளை வாங்கி வைப்பது, குறை கேட்பது, சரியானதும் திருப்பிக் கொடுப்பது என் வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள்தான் என்றாலும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடத் துணிச்சல் வந்ததில்லை. ஒன்றரை வயது மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். சிப்காட் கெமிக்கல் ஆலைகளைத் தாண்டும்போது நாற்றத்துக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலை மூடுவார்கள். அந்த வெக்கையில் கண் சொக்கும். உடம்பு பஸ்ஸில் இருக்க, நான் மட்டும் வீட்டுக்குள் திரும்பி நடந்துகொண்டிருப்பேன். கேஸை மூடினேனா, பால் பாட்டிலை வெந்நீரில் போட்டேனா என்று.

டேப்லெட்டைக் கொண்டுவந்தவள் ரேவதி, புவனகிரிப் பக்கத்துப் பெண். அவள் கர்ப்பமாக இருந்தபோது துபாய்க்கு வேலைக்குப் போன கணவர் அனுப்பியது. மகள் முகத்தை அவர் இதில்தான் பார்த்திருக்கிறார்.

"தொட முடியலக்கா. தோசக்கல்லு மாரி கொதிக்குது" என்றாள்.

முதல் தடவை எங்கள் டெக்னீஷியன் சேகர் அண்ணன் தேவையில்லாத ஆப்களை எடுத்துவிட்டுக் கொடுத்தார். இரண்டாம் தடவை ஃபேக்டரி ரீசெட். இரண்டு தடவையும் டேபிளில் வைத்து நாள் முழுக்க வீடியோ ஓடவிட்டோம். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"இங்க ஜில்லுனு கெடக்குது, வூட்டுக்குப் போனா ஜொரம் வருது. மாமியார் கொடுமையா இருக்குமோ?" என்று சேகர் அண்ணன் சிரித்தார்.

இந்த முறை பின்பக்கத்தைக் கழற்றினார். சிரிப்பு நின்றது.

"தங்கச்சி, பேட்டரி உப்பிக்கினு வருது பாரு. இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா புட்டுக்கும். மாத்திடலாம். ஆனா எதனால சூடாவுதுன்னு தெரியாம புதுச போட்டு என்னா பண்றது?"

ஸ்பீக்கர் ஓட்டைகளில் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. பிரஷ்ஷால் தட்டினார். தூள் என் பக்கம் பறந்தது. குழந்தைப் பவுடர். ஒரு கணம் கடை இல்லை, வீதியின் இரைச்சல் இல்லை. குளிப்பாட்டித் துடைத்த என் மகனின் கழுத்து மடிப்பு மட்டும் இருந்தது. மேலுறையின் ஓரத்தில் பழைய நூல் புடவையின் இழை ஒன்று சிக்கியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. தவறாகக் கேட்டுவிட்டால்? பிள்ளையை ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவள் என்று நான் சொல்வதாக அவள் எடுத்துக்கொண்டால்? அந்தப் பேச்சு எப்படிச் சுடும் என்று வேலைக்குப் போகிற எனக்குத் தெரியும்.

புது பேட்டரி போட்டாயிற்று. ரேவதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, வீட்டில் எங்கே வைக்கிறாள் என்று கேட்கட்டுமா என ஓனரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, டெலிவரி குடுத்து அனுப்பு" என்றார் ஓனர். "வூட்ல எங்க வக்கிறாங்க, எப்படி வக்கிறாங்கன்னு விசாரிக்க நாம என்னா வி.ஏ.ஓ.வா?"

கரண்ட் போனது. ஃபேன் மெல்ல ஓய்ந்து நின்றது.

"ரேவதி, இத பாப்பா பக்கத்துல வக்கிறியா?"

"இல்லக்கா. டேபிள் மேலதான்." அவள் குனிந்து குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"என் பையனுக்கு என் செல்போன் இல்லன்னா சோறு எறங்காது. எங்க மாமியார் திட்டாத திட்டில்ல" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"மதியம் அவுருக்கு சாப்பாட்டு நேரம்க்கா. பாப்பா தூங்குற நேரம். தூளியில கால்மாட்டுல சாச்சி வச்சிடுவேன். சார்ஜ் நிக்கல, அதனால ஒயரோட. அவ தூங்குறத பாத்துக்கினே சாப்புடுவாரு."

எனக்கு அது அப்படியே தெரிந்தது. தொங்கும் புடவைக்குள் மங்கலாக ஒரு வெளிச்சம் ஆடுகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் சோற்றைப் பிசைந்தபடி, புடவை நிறத்து வானத்தின் கீழ் தூங்கும் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவு அழகாக இருந்ததால்தான் பயம் அதிகமானது.

"அய்யய்யோ, அடுப்ப தூளியில கட்டி ஆட்டியிருக்கியேம்மா!" என்றார் சேகர் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே." பழைய பேட்டரியை அவள் முன்னால் வைத்தேன். அதன் உப்பலைப் பார்த்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"துணிக்குள்ள இருந்தா சூடு வெளிய போவாது. சார்ஜும் ஏறி வீடியோவும் ஓடுனா இன்னும் ஜாஸ்தி. எட்ட இருக்கற ஜன்னல்ல வையி. பேசுறப்ப ஒயரு வேணாம்."

"எட்ட வச்சா தூளிதானக்கா தெரியும். மொகம் தெரியாதே. அவுருக்கு இருக்கறது அது ஒன்னுதான்."

"தெரியாதுதான்" என்றேன். அன்று நான் தயங்காமல் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அவள் டேப்லெட்டை வாங்கிக்கொண்டு படி இறங்கினாள்.

அதன் பிறகு மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தாலே அவள் வீட்டுத் தூளி நினைவில் ஆடும். மறுபடி உள்ளே வைத்திருப்பாளோ? கண்டிப்பாகச் சொன்னேனா, கடுமையாகச் சொன்னேனா? சோறு பாதியில் நிற்கும்.

ஆடி பிறந்தபின் ஒரு நாள் ஸ்க்ரீன் கார்டு ஒட்ட அவளே வந்தாள். டேப்லெட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஜன்னல்லதாங்க்கா. சூடே இல்ல."

"அவுரு என்னா சொன்னாரு?"

"மொத நாளு ஒரே சண்ட. துணியவா பாக்க சொல்றன்னாரு. அப்புறம் பாப்பா உள்ளேருந்து ஒதைக்கும் இல்ல, தூளி ஒரு பக்கம் முட்டிக்கினு வரும். அதப் பாத்து சிரிக்க ஆரம்பிச்சிட்டாரு. இப்ப ஆட்டத்த பாத்துக்கினே அவுரும் தூங்கிடுறாருக்கா. ஃபோர்மேன் வந்து எழுப்புறாராம்!"

கவுண்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருள் சூடாகிறது என்று வந்தால், அது வீட்டில் எங்கே இருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்கிறவர் தலை குனியாதபடி கேளுங்கள். கேட்கலாமா வேண்டாமா என்று மனசு அடித்துக்கொண்டால், கேட்டுவிட்டு அடித்துக்கொள்ளட்டும்.