பின்சில்லில் கேட்ட சத்தம்

கார் ஓட்டவே தெரியாத ஒருத்தி காரின் வில்லுப்பட்டையைப் பற்றி எழுதப் புறப்படுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். எழுத்துப் பழக்கமும் கடிதத்தோடு சரி. விஷயம் தெரிந்தவர்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதில் காரை விட என் பொறாமைதான் கூட இருக்கிறது. அதைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும்.

அப்பா மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றில் வாடகைக் கார் ஓடினார். என்னை விட வயது கூடிய இங்கிலாந்துக் கார். ஊரில் கலியாணம் என்றாலும் பிரசவம் என்றாலும் அதுதான் போகும். எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கச்சிக்கு ஏழு.

ஒரு மாதமாகக் காரின் பின்பக்கத்தில் டொக், டொக் என்று ஒரு சத்தம். தார் ரோட்டில் கேட்காது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் கேட்கும். அப்பா காரின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாகக் கையால் அமத்தி விட்டுப் பார்த்தார். கார் ஒருதரம் எழும்பி அப்படியே நின்றது. தொடர்ந்து ஆடினால்தான் ஷொக் அப்சோபரில் பிழையாம். இது அதில்லை, காரின் பாரத்தைத் தாங்குகிற வில்லுப்பட்டை காரோடு பூட்டியிருக்கிற இடத்தில் ஏதோ தேய்ந்திருக்கிறது என்றார். வலப்பக்கமா இடப்பக்கமா என்பதுதான் முன்னால் இருந்து ஓடுகிறவருக்குப் பிடிபடவில்லை. திங்கட்கிழமை ஒரு கலியாண ஓட்டம் இருந்தது. பொம்பிளை மாப்பிள்ளையை இந்தச் சத்தத்தோடு ஏற்றிப்போக அவருக்கு வெட்கம்.

சனிக்கிழமை காலை எங்கள் இரண்டு பேரையும் பின் சீற்றில் இருத்தி, வாவிப் பக்கம் போகிற கிரவல் ரோட்டில் மெதுவாக ஓடினார்.

"எங்க கா கேக்குது?" என்றார் அப்பா. பெண்பிள்ளைகளை எங்கள் ஊரில் 'கா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"வலப்பக்கம் அப்பா. என்ட காலுக்குக் கீழ," என்றாள் தங்கச்சி. பிஸ்கட் தின்றுகொண்டே சொன்னாள். யோசிக்கவே இல்லை.

அப்பா சிரித்தார். "இண்டையில இருந்து நீதான் என்ட கராஜ் பாஸ்."

பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த பெரிய ஆள். எனக்கு வயிறு எரிந்தது. ஏற்கெனவே வீட்டில் எல்லாம் அவளுக்குத்தான். சுருட்டை முடி அவளுக்கு. நல்ல குரல் அவளுக்கு. யாராவது கூப்பிட்டால் கூப்பிட்டவரிடம் நேரே ஓடிப் போய் நிற்பாள். நான் நாலு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். பிராக்குப் பார்க்கிறவள் என்று எனக்குப் பெயர்.

அவள் சொன்னது பச்சைப் பொய் என்று நினைத்தேன். சத்தத்துக்கு ஒரு பக்கம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. டொக் என்றால் டொக். அது கார் முழுக்கத்தான் கேட்டது. அப்பாவிடம் நல்ல பெயர் வாங்க இவள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். அப்படிச் சொல்ல எனக்கும் வாய் இருந்தது.

"இல்லப்பா, இடப்பக்கம். நான் நல்லாக் கேட்டன்."

"வலப்பக்கம்," என்றாள் அவள்.

"இவளுக்கு இடம் வலம் தெரியாது அப்பா. சோறு தின்னுற கை எதெண்டு கேட்டுப் பாருங்க."

அப்பா காரைத் திருப்பி இன்னொரு முறை ஓடினார். இந்த முறை அவள் வாய் திறப்பதற்கு முந்தி நான் சொல்லிவிட்டேன். மூத்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் நம்பினார். வீட்டு முற்றத்தில் இடப்பக்கச் சில்லைக் கழற்றி, பொழுது சாயும் வரைக்கும் அந்தப் பக்கத்து வில்லுப்பட்டையைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் புதிது மாதிரி இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் எழும்பியபோது தங்கச்சி ராகம் போட்டுச் சொன்னாள்: "நான் சொன்னன்தானே."

அப்பா என்னை ஏசவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. ஏசியிருந்தால் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி, வாவியில் மீன் பிடிக்கிறவர். இரவில் அந்த வாவிக்குள் மீன் பாடும் என்பார்கள். கையில் மண்ணெண்ணெய் இழுக்கிற றப்பர் குழாய் ஒன்று வைத்திருந்தார்.

"மீன் பாடுறதக் கேக்கத் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டுக் காதுல வைக்கிறம்தானே மச்சான். காருக்கு இது."

குழாயின் ஒரு முனை காதில். மறுமுனையை வில்லுப்பட்டையின் நுனிக்குக் கிட்டப் பிடிக்க வேண்டும். அப்பா மேலே நின்று காரை அமத்தி ஆட்டுவார். முதலில் மாமா கேட்டார். பிறகு தங்கச்சியிடம் கொடுத்தார். அவள் வலப்பக்கத்துப் பின்சில்லோடு குந்திக்கொண்டு, "இஞ்சதான்," என்றாள். மாமா அந்த இடத்தில் ஒரு இரும்பை விட்டு நெம்பினார். தேய்ந்த றப்பர் புஷ் கறுப்புப் பொடியாகக் கொட்டியது.

"பாஸ் சொன்னாச் சரிதான்," என்றார் மாமா.

எனக்கும் வேண்டும் என்று குழாயைப் பறித்தேன். அவள் வைத்த மாதிரியே இடது காதில் வைத்தேன். அப்பா ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா குழாய நசுக்கிறார்."

"நான் ஏன் கா நசுக்கிறன்? இஞ்ச பார், என்ட ரெண்டு கையும்."

எல்லாரும் சேர்ந்து அவளுக்கு மட்டும் சத்தத்தைக் கொடுக்கிறார்கள் என்று தோன்றியது. அழுகை முட்ட, குழாயை மற்றக் காதுக்கு மாற்றினேன். டொக் என்று மண்டைக்குள்ளேயே விழுந்தது.

"இப்ப கேக்குது," என்று கத்தினேன். "அந்தக் காதுல வைச்சாத்தான் குழாய் வேலை செய்யுதில்ல."

மாமா சிரிக்கவில்லை. "மச்சான், ஆட்டுறத நிப்பாட்டுங்க. இஞ்ச வாங்க."

அப்பா வந்து என் முன்னால் மண்ணில் குந்தினார். மாமா என் இடது காதில் குழாயை வைத்து மறுமுனையை நகத்தால் சுரண்டினார். வலது காதில் வைத்துச் சுரண்டினார். மறுபடியும் இடது. பிறகு அப்பா குழாயை வாங்கினார். என் வலது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, குழாயில் வாயை வைத்து மெதுவாக ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு கையை எடுத்தார்.

"கேட்டியா புள்ள?"

"ஓம்."

"என்ன சொன்னன்?"

"வலப்பக்கம் எண்டு."

தங்கச்சி, "எனக்கும் எனக்கும்," என்று குழாயை இழுத்தாள். "நீ அம்மாட்டப் போ," என்று அப்பா அவளைத் துரத்தினார். அவளை அவர் அப்படித் துரத்தி நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

அதற்குப் பிறகும் அப்பா திரும்பத் திரும்பக் குழாயை என் காதில் வைத்தார். காரின் பிழைதான் கிடைத்துவிட்டதே, இன்னும் ஏன் குழாய் என்று எனக்குத் தோன்றவில்லை. போன வருஷம் எனக்குக் கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கிக் கிடந்ததைப் பற்றி மாமா ஏன் தாழ்ந்த குரலில் கேட்டார் என்பதும் விளங்கவில்லை. கூகைக்கட்டு சில பிள்ளைகளின் ஒரு காதைச் செவிடாக்கிவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவின் வாய்க்கும் என் காதுக்கும் நடுவில் இரண்டு முழக் குழாய். அதில் வேறு யாருக்கும் இடமில்லை. நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் கலியாண வீட்டுக்கு வேறு கார் பிடித்துக் கொடுத்துவிட்டு, அப்பா என்னை மட்டும் பஸ்ஸில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தானும் வரவேண்டும் என்று தங்கச்சி ரோட்டு வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள். அவளை விட்டுவிட்டுத்தான் போனோம்.