உரித்த மாத்திரைகள்

விமானத்துக்கான பெட்டி எடை கூடிவிட்டது. மரவள்ளிக் கிழங்கு நிறுக்கும் கொக்கித் தராசில் அப்பாவும் நானும் அதைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். கொஞ்சம் கம்மி பண்ணும்மா என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, டிக்கெட்டை பிரிண்ட் எடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். மறுநாள் சென்னையிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பாடு, மேற்படிப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். விமானத்தை அண்ணாந்து பார்க்காமல் ஏறிப் பார்க்கப்போகிற முதல் ஆளும் நான்தான்.

பெட்டியில் துணிமணியைவிட முக்கியமாக மாத்திரைகள் இருந்தன. பயணத்துக்கு முன் உடம்பைச் சோதித்தபோது எனக்கு ரத்தம் கம்மி என்று தெரிந்தது. கூட வந்திருந்த அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்த டாக்டர் அவளுக்கும் சோதிக்கச் சொன்னார். என்னைவிடக் கம்மி. கொஞ்ச நாள் முன்புதான் கிழங்கு பிடுங்கப் போன கொல்லையில் மயங்கி விழுந்திருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான்: காலையில் இரும்புச்சத்து மாத்திரை, ராத்திரி வைட்டமின். அம்மா கட்டாயம் சாப்பிட வேண்டும், விட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

அம்மா சாப்பிடவில்லை. வாயெல்லாம் துரு நாற்றம், வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள். அவளுக்கு வாங்கிய அட்டைகள் ஒவ்வொன்றாக என் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. நான் எடுத்து வெளியே வைப்பேன்; மறுபடி உள்ளே கிடக்கும். "அங்க உனுக்கு யாரு வாங்கியாந்து குடுப்பா?" என்பாள். நான் போன பிறகு அம்மாவை மாத்திரை சாப்பிட வைக்க ஆளில்லையே என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம்.

மத்தியானம் திரும்பி வந்தபோது பெட்டி சரியான எடையில் நின்றது. அம்மா முகத்தில் ஒரு பெருமை. திறந்து பார்த்தேன். என் ஜமுக்காளம் இல்லை. மாத்திரை அட்டை ஒன்றுகூட இல்லை. என்னுடையவை, அவளுடையவை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சிவப்பும் மஞ்சளுமாக உதிரியாகக் கிடந்தன. நடுநடுவே காய்ந்த வேப்பிலை. விதை உளுந்துக்குப் பூச்சி பிடிக்காமல் போடுவாளே, அதே பக்குவம்.

"அட்டதான்டா அடச்சிக்கினு கெடந்துச்சி. எல்லாத்தையும் உரிச்சிட்டன். எடையும் கம்மி, பூச்சியும் வராது."

எடையைக் குறைத்தது ஜமுக்காளம்தான் என்று நான் சொல்லவில்லை. மாத்திரைகள் பெயர் தெரிகிற அட்டையோடு, டாக்டர் சீட்டோடு இருப்பதுதான் நல்லது, உதிரியாக இருந்தால் இது என்ன அது என்ன என்று கேள்வி வரும் என்று எனக்கு முன்னால் அங்கே போன ஒரு அண்ணன் சொல்லியிருந்தார். அதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். அம்மா முகம் செத்துப்போனது.

"அப்ப அத்தினியும் வீணா?"

கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்த அப்பா டப்பாவை எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மே, மல்லாட்டய வெதைக்கு வெக்கிறப்ப தோலோடதான வெக்கிற?"

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை.

"ஆமா."

"உரிச்சிட்டா வெதைக்கு ஆவுமா?"

"ஆவாது."

"பின்ன இன்னாத்துக்கு ஆவும்?"

அப்பாவே டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"துன்னத்தான் ஆவும். துன்னு."

நைனார்பாளையம் மெடிக்கலுக்கு போன் போட்டுக் கேட்டேன். இன்றைக்குத்தானே உரித்தது, இலையை எடுத்துவிட்டு ஈரம் படாமல் மூடி வைத்து, தள்ளிப்போடாமல் தினமும் சாப்பிடச் சொல்லுங்க என்றார் கடைக்காரர். எனக்குப் புது அட்டைகள் வாங்க அப்பா சீட்டோடு மொபெட்டில் கிளம்பினார். அவர் வரும்வரை அம்மா டப்பாவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடலைக் கொல்லையில் அறுந்து நின்ற காயைக்கூட மண்ணைக் கிளறிப் பொறுக்குகிறவள் அவள். அத்தனையையும் எப்படிக் கொட்டுவாள்?

அப்பா வந்ததும் அவர் கையாலேயே தண்ணீர் கொடுத்தார். "வாந்தி வந்தா உம் மேலதான் எடுப்பன்" என்று சொல்லிவிட்டு அம்மா ஒரு சிவப்பு மாத்திரையை விழுங்கினாள். எனக்காகக் கட்டி வைத்திருந்த கல்வராயன் மலை நெல்லி வற்றலில் ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள். வாந்தி வரவில்லை.

சென்னை விமான நிலையத்தில் என் பையைத் திறந்து பார்த்தார்கள். அட்டைகளையும் சீட்டையும் ஒரு பார்வை பார்த்து ஒதுக்கிவிட்டு, நெல்லி வற்றலை மட்டும் முகர்ந்து இது என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். போகச் சொன்னார்கள்.

இங்கே காலையில் அட்டையிலிருந்து மாத்திரையை அழுத்தி எடுக்கும்போதெல்லாம் அந்த மத்தியானம் ஞாபகம் வரும். அம்மா உரிக்காமல் விட்டிருந்தால் அவள் பங்கும் எனக்குத் தெரியாமலே என்னோடு விமானம் ஏறியிருக்கும். டாக்டர் சொல்லியும் நான் கெஞ்சியும் நடக்காததை அப்பா ஒரு மல்லாட்டையை வைத்து நடத்திவிட்டார். இரண்டு பேருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. சொன்னால் இன்னாடா ஆச்சி உனுக்கு என்பார்கள்.

பனி கொட்டிய ஒரு நாள் அம்மாவே போன் செய்தாள். மறுபடி ரத்தம் சோதித்தார்களாம், ஏறியிருக்கிறதாம், இன்னும் கொஞ்ச நாள் சாப்பிடச் சொன்னார்களாம். கொல்லையில் தலை சுற்றுவதில்லை என்றாள்.

டப்பா தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அது எப்பவோ தீந்துச்சி. அதுல இப்ப வெத உளுந்து கீது."

"மாத்திர?"

"உங்கப்பன் வாங்கியாந்தாரு. தோலோடதான் வெச்சிருக்கன். தெனம் ஒண்ணு உரிச்சிக்கிறன்."