பள்ளத்தில் பிரித்த புட்டுப் பொதி

ஜேர்மனியின் எசன் நகரிலிருந்து நானும் கணவரும் ஒரு குழுவோடு ஐஃபல் எரிமலைப் பகுதிக்கு நடைப்பயணம் போனோம். கூட்டத்தில் தமிழர் நாங்கள் மட்டுமே. வழிகாட்டி எங்களையே கண்காணிப்பதாக எனக்குப் பட்டது. மதியம் ஏரிக்கரையில், காற்றுப் படாத ஒரு பள்ளத்தில் இறங்கிப் புட்டுப் பொதியைப் பிரித்தோம். உடனே மேலே வரும்படி வழிகாட்டி டொச் மொழியில் கத்தினார்.

"அந்தாளுக்கு எங்கட சம்பல் மணம் பிடிக்கேல்லை. நீங்கள் சாப்பிடுங்கோ," என்றேன் கணவரிடம்.

பொதியை எடுக்கக் குனிந்தவர், "தலை சுத்துதப்பா," என்றார். அப்போதுதான் அருகில் காயமே இல்லாமல் செத்துக் கிடந்த குருவியைக் கண்டேன். வழிகாட்டி ஓடிவந்து கணவரை மேலே இழுத்தார்; நானும் பின்னாலேயே ஏறினேன். நிலத்துக்குள்ளிருந்து வரும் கரியமில வாயு அந்தப் பள்ளத்தில் தேங்குமாம். அதற்கு மணமே கிடையாதாம்.

இப்போதும் யாராவது தடுத்தால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது. ஆனால் முதலில் எழும்பிவிட்டு, பிறகுதான் ஏன் என்று கேட்கிறேன்.